காரை விற்க வேண்டாம், ரயரை மாற்றுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள். கனடாவில் வாகனம் ஓடுகிறவர்களையும், இந்த வருஷம் முதல் வின்ரரைக் காணப்போகிறவர்களையும் நினைத்து எழுதுகிறேன். மற்றவர்கள் உராய்வு விசையை மறக்காமல் இருப்பதற்காக வாசிக்கலாம்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கிழமையாக ஒரே வாதம். மருமகன் முறையான பொடியன் ஒருவன், பகலில் படிப்பு, இரவில் வேலை. சேர்த்த காசில் பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் ஒன்று வாங்கியிருக்கிறான். பின்சில்லுகள் தள்ளுகிற கார். "ஸ்னோவுக்குள்ள அது சரிவராது, வித்துப்போட்டு ஓல் வீல் ட்றைவ் எஸ்யுவி ஒண்டு எடு" என்று ஆறு பேர் எழுதிவிட்டார்கள். எல்லோரும் அவனில் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காரில் இப்போது என்ன ரயர் பூட்டியிருக்கிறது என்று அந்த ஆறு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். நாலு சில்லுக்கும் நல்ல வின்ரர் ரயர் போட்ட பின்சில்லுக் கார், ஓல் சீசன் ரயரோடு ஓடுகிற ஓல் வீல் ட்றைவ் எஸ்யுவியைவிட ரொறன்ரோ வீதிகளுக்குப் பாதுகாப்பானது. றிம்மோடு நாலு ரயருக்கு 1,000 முதல் 1,500 டொலர் வரை போகும். எஸ்யுவிக்கு ஐந்தாறு வருஷக் கடன், மாதாமாதம் காப்புறுதி. படிக்கிற பிள்ளையின் தலையில் அதை ஏற்றுவதற்கு முன் கணக்கைப் பார்க்கவேண்டாமா?

கணக்கு என்றால் என் கணக்கு. உயர்தரத்தில் படித்ததுதான்: எல்லை உராய்வு, உராய்வுக் குணகத்தையும் செவ்வன் மறுதாக்கத்தையும் பெருக்க வருவது. காய்ந்த தார் வீதியில் குணகம் 0.8 அளவில் இருக்கும். இறுகிய ஸ்னோவில் 0.2. வழுக்கும் ஐஸில் 0.1 கிட்ட. மணிக்கு 50 கிலோமீற்றரில் வருகிற கார் முழு பிறேக்கில் நிற்பதற்குக் காய்ந்த வீதியில் ஏறத்தாழ 12 மீற்றர் போதும். ஸ்னோவில் 49 மீற்றர். ஐஸில் 98 மீற்றர். வேகத்தின் வர்க்கத்தை 2μg ஆல் பிரித்துப் பாருங்கள், உங்களுக்கும் அதேதான் வரும். இந்தச் சமன்பாட்டில் எந்தச் சில்லு இழுக்கிறது என்பதற்கு இடமே இல்லை. திணிவுகூட வெட்டுப்பட்டுப் போகிறது, அதனால் பெரிய வாகனம் கெதியாக நிற்கும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. பிறேக் போடும்போது எல்லாக் காரும் நாலு சில்லுக் கார்தான். மிஞ்சியிருப்பது μ ஒன்று. அதை மாற்றுவது ரயர்.

ஓல் வீல் ட்றைவ் செய்கிற வேலை, எடுத்துக்கொண்டு புறப்பட உதவுவது. ஸ்னோ விழுந்த காலை சிவப்பு விளக்கில் நின்று பச்சைக்கு மாறும்போது அது வழுக்காமல் பாய்ந்து போகும். பக்கத்தில் நிற்கிறவன் சில்லுச் சுற்றிக்கொண்டு நிற்பான். அங்கேதான் ஆபத்துத் தொடங்குகிறது. பின்சில்லுக் கார்க்காரனுக்கு வீதி வழுக்குது என்பது புறப்படும்போதே தெரிந்துவிடும், பின்பக்கம் ஒருக்கா ஆட்டிக் காட்டும். எஸ்யுவிக்காரனுக்கு அது அடுத்த சந்தியில் பிறேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும். ஒரு விற்பனைக்காரர் "இதுக்கு வின்ரர் ரயர் தேவையில்லை சேர்" என்று எனக்கே சொல்லியிருக்கிறார். எந்த நிறுவனம் என்பது வேண்டாம், எல்லா இடத்திலும் சொல்கிறார்கள்.

இனிப் பின்சில்லுக் காரின் குறையையும் சொல்லவேண்டும். முன்சில்லுக் காரில் எஞ்சினின் பாரம் முழுக்க இழுக்கிற சில்லுகளுக்கு மேல் இருக்கிறது. செவ்வன் மறுதாக்கம் கூட, அதனால் பிடிப்புக் கூட. பின்சில்லுக் காரில் அந்த வசதி இல்லை. வெறுமையாக ஓடுகிற பிக்கப்பில் நிலைமை இன்னும் மோசம், பின்பக்கம் காற்று மாதிரி. ஆனால் பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் பாரம் முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறையப் பாதி பாதி. ஆர்முடுகும்போது பாரம் பின்னுக்குச் சாயும், ஏற்றத்திலும் அப்படித்தான். இன்னொன்று, முன்சில்லுக் காரில் ஒரே ரயர் இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். விசை இணைகரம் ஞாபகமிருக்கிறதா? ஒரு ரயரிடம் உள்ள உராய்வு ஒரு குறித்த அளவு. இழுவைக்குக் கூடக் கொடுத்தால் திருப்பத்துக்கு மிஞ்சுவது குறைவு. பின்சில்லுக் காரில் முன்ரயர் திருப்புகிற வேலையை மட்டும் பார்க்கும்.

மறந்துபோன ஒரு விஷயம். 1970கள் வரை இந்த நாட்டில் ஓடிய கார்களில் மிகப் பெரும்பாலானவை பின்சில்லுக் கார்கள்தான். எங்கள் ஊர் வாடகைக் கார்களான ஏ40, மொறிஸ் மைனர் எல்லாமும் அப்படித்தான், அங்கே ஸ்னோவுக்குப் பதில் மாரிச் சேறு. ஃபோர்ட் கிறவுண் விக்ரோறியாவை 2011 செப்ரெம்பர் வரை இந்த ஒன்ராறியோவில், சென்ற் தோமஸ் தொழிற்சாலையில்தான் செய்தார்கள். பின்சில்லு. பொலிசும் ரக்சிக்காரரும் அதில்தான் எத்தனையோ வின்ரரை ஓட்டிக் கழித்தார்கள். அதில் ரக்சி ஓடிய எங்கள் ஆட்கள் இந்தப் பதிவை வாசிப்பீர்கள், கீழே எழுதுங்கள். இன்றும் நம் பொடியன்கள் பொதி விநியோகத்துக்கு ஓடுகிற ஸ்பிறின்ரர், ட்ரான்சிற் வான்களில் பெரும்பாலானவை பின்சில்லுதான். அவற்றுக்குள் பாரம் இல்லாதபோது கவனம் இரட்டிப்பு.

ரயருக்கு வருகிறேன். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே போகும்போது சாதாரண ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். வின்ரர் ரயரின் ரப்பர் இளக்கமாகவே இருக்கும், அதன் மேற்பரப்பில் சிறுசிறு வெட்டுகள் நிறைய இருக்கும், அவை ஸ்னோவைக் கவ்வும். ஆகவே ஸ்னோ விழுந்தபின் மாற்றுவோம் என்று இருக்காதீர்கள். காலைக் குளிர் 7க்குக் கீழ் நிலைக்கத் தொடங்கினால் அதுதான் நேரம். முதல் ஸ்னோவுக்கு அடுத்த நாள் கராஜுக்குப் போன் எடுத்தால் மூன்று கிழமைக்குப் பிறகுதான் இடம் தருவார்கள்.

ரயரின் பக்கத்தில் மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் இருக்கிறதா என்று பாருங்கள். "எம் பிளஸ் எஸ்" என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது, அது வெட்டு வடிவத்தைத்தான் குறிக்கிறது, ஸ்னோவில் சோதித்தது என்று பொருளில்லை. மலைக்குறியும்கூட ஸ்னோவில் இழுவையைச் சோதித்த குறிதான், ஐஸில் பிறேக் பிடிப்பதைச் சோதித்ததில்லை. பாவித்த ரயர் வாங்குகிறவர்கள் தவாளிப்பின் ஆழத்தை அளந்து வாங்குங்கள். ஒன்ராறியோச் சட்டம் 1.5 மில்லிமீற்றர் மட்டும் கேட்கிறது, ஸ்னோவுக்கு அது காணாது. 4 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தேய்ந்த ரயரை ஸ்னோ வீதிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று மத்திய போக்குவரத்துத் திணைக்களம் சொல்கிறது. "டொட்" என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கம் செய்த கிழமையும் வருஷமும்: 3521 என்றால் 2021இன் 35ஆவது கிழமை.

பிஎம்டபிள்யூ மாதிரிக் கார் வாங்கினவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதில் பூட்டியிருப்பது சில வேளை ஓல் சீசன்கூட இல்லை, கோடைக்கான அகன்ற ரயர். சில மொடல்களில் முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு வேறு அளவு. அந்த ரயரோடு ஜனவரியில் ஓடிவிட்டு "பின்சில்லுக் கார் கூடாது" என்று சொல்வது நியாயமில்லை. வின்ரருக்கு அந்தக் காருக்கு ஏற்ற ஆகக் குறுகிய அளவைக் கேட்டு வாங்குங்கள், ஸ்னோவைக் கிழித்துக்கொண்டு போகும்.

"தள்ளுறது பின்சில்லுதானே, பின்னுக்கு மட்டும் இரண்டு போடுவம்" என்று மிச்சம் பிடிக்காதீர்கள். பிறேக்கின் பெரும் பங்கும் திருப்பமும் முன்ரயரில். புறப்படும், நிற்காது, திரும்பாது. நாலும் ஒரே வகையாக இருக்கவேண்டும்.

காற்றையும் பாருங்கள். கனவளவு மாறாதபோது அமுக்கம் தனி வெப்பநிலைக்கு நேர்விகித சமன். 20 பாகையில் 32 பிஎஸ்ஐ அடித்த ரயர், மறை 15 பாகைக் காலையில் 26 பிஎஸ்ஐ அளவில் நிற்கும். வளிமண்டல அமுக்கத்தைக் கூட்டாமல் கணக்குச் செய்கிறவர்களுக்கு விடை பிழைக்கும், பழைய பழக்கம்!

ஓடும் விதத்தில் மூன்று நாலு விஷயம்தான். அக்ஸிலறேற்றரை முட்டையை மிதிக்கிற மாதிரி மிதியுங்கள். பின்பக்கம் இழுத்தால் பிறேக்கை அமத்தாதீர்கள். காலை மெல்ல எடுத்து, கார் போகவேண்டிய பக்கத்துக்கு ஸ்ரெயறிங்கைத் திருப்புங்கள், கண்ணும் அந்தப் பக்கமே இருக்கட்டும். ஐஸில் கியரைச் சடாரென்று குறைத்தாலும் பின்சில்லு பிடிவிடும். 2011 செப்ரெம்பருக்குப் பிறகு கனடாவுக்குச் செய்த எல்லாக் கார்களிலும் இலத்திரனியல் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம். பின்பக்கம் சுழல்வதை அது பெரிதும் அடக்கும், ஆனால் இல்லாத உராய்வை உண்டாக்காது. மண்மூட்டை வைப்பது பிக்கப்புக்குச் சரி. பாதிக்குப் பாதி பாரமுள்ள காருக்குத் தேவையில்லை, ஆனால் ஒரு சின்னப் பை மண் பூற்றுக்குள் கிடக்கட்டும், புதைந்தால் சில்லுக்குக் கீழே போடலாம்.

எல்லோருக்கும் பின்சில்லு என்று நான் வாதாடவில்லை. வடக்கே, ஸ்னோ அள்ளாத செங்குத்தான வழியில் வீடு இருந்தால் ஓல் வீல் ட்றைவ் எடுங்கள், அதற்கும் வின்ரர் ரயர் போடுங்கள். விடியப்புறம் நாலு மணிக்கு வேலைக்குப் போகிற தாதிப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்வேன்.

கியூபெக்கில் 2008 வின்ரரிலிருந்து வின்ரர் ரயர் சட்டம். இப்போது டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஒன்ராறியோவில் 2016 ஜனவரியிலிருந்து, நாலு வின்ரர் ரயர் போட்டவருக்குக் காப்புறுதிக் கம்பனி கழிவு கொடுக்கவேண்டும் என்பதோடு விட்டுவிட்டார்கள். இங்கும் சட்டமாக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏழைக்குச் செலவு என்பார்கள். வின்ரரில் ஓடாத மாதங்களில் மற்ற ரயர் தேயாமல் இருக்கிறது, ஆகவே செலவில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. மோதிய காரின் செலவு திரும்பி வருவதில்லை. அதுவரை கழிவையாவது கேட்டு வாங்குங்கள். நீங்கள் போன் எடுத்து ரயர் பற்றுச்சீட்டைக் காட்டினால்தான் பல இடங்களில் போடுவார்கள்.

மருமகனுக்கு: வெள்ளிக்கிழமைக்குள் கராஜில் இடம் பிடி. ரயரின் அளவு சாரதியின் கதவுக்கு உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.