வீட்டிலேயே அடைக்கலம் இல்லாத பிள்ளைகள்



2017 பிப்ரவரியில் குவாந்தானில் சமீரா கிருஷ்ணன் என்ற திருநங்கை சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டார். 2015இல் அவர் கடத்தப்பட்ட வழக்கில் சாட்சி சொல்ல இருந்தவர். நம் இனத்துப் பிள்ளை! எத்தனை பேர் தட்டிக் கேட்டோம்?

இத்தகைய வன்முறைக்குப் பயந்து வெளிநாட்டில் அடைக்கலம் தேடுகிறவர்கள் உண்டு. 2021இல் ஷா ஆலாம் ஷரியா நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட தொழில்முனைவர் நூர் சஜாட், தாய்லாந்து வழியாகத் தப்பி ஆஸ்திரேலியாவை அடைந்தார். ஷரியா சட்டம் இந்துத் திருநங்கைகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அடிப்பவன் மதம் பார்த்தா அடிக்கிறான்?

1951ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் ஒப்பந்தம் இனம், சமயம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என ஐந்து காரணங்களை ஏற்கிறது. பல நாடுகள் திருநங்கைகளைக் கடைசிப் பிரிவில் சேர்க்கின்றன. ஆனால் சொந்த நாட்டை விட்டு வெளியேறிய பிறகே ஒருவர் அகதி ஆக முடியும். அடிபட்டேன் என்றால் மட்டும் போதாது; தன் நாட்டில் பாதுகாப்பு கிடைக்காது என்றும் காட்ட வேண்டும். விமான டிக்கெட்டுக்கே வழியில்லாத தோட்டத்துப் பிள்ளை எங்கே போவாள்?

ஈப்போவில் என்னைத் தேடி வந்த ஒரு திருநங்கை சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். "வெளிநாடு போக வழி சொல்லுங்க சார்" என்றாள். முதலில் யார் அடித்தது என்று கேட்டேன். "அப்பா" என்றாள். பதினாறு வயதில், ஒரு பிளாஸ்டிக் பையோடு, இரவில் வீட்டை விட்டு விரட்டப்பட்டவள்.

தோட்டத்தை விற்றுவிட்டு, லயத்தைக் காலி செய் என்று நிர்வாகம் சொன்னபோது நாம் என்ன கேட்டோம்? "மூன்று தலைமுறை உழைத்தோமே, எங்களை எங்கே போகச் சொல்கிறீர்கள்?" என்றுதானே கேட்டோம்? அதே கேள்வியைத்தான் அந்தப் பிள்ளை தன் தகப்பனிடம் கேட்டாள்.

பெற்றோர்களே, விரட்டாதீர்கள். பள்ளியை விட்டு நிறுத்தாதீர்கள். வெளியில் எவனாவது அடித்தால், கூடப் போய்ப் போலீசில் புகார் செய்யுங்கள். புகார் நகலையும் மருத்துவமனை அறிக்கையையும் பத்திரமாக வையுங்கள். வழக்குக்கும் அவை உதவும். நாளை அடைக்கலம் கேட்க நேர்ந்தால் அதற்கும் உதவும்.

சிறுபான்மையினர் என்று உரிமை கேட்கும் நாம், நமக்குள்ளே இருக்கும் சிறுபான்மையை விரட்டிவிட்டு எந்த முகத்தோடு நீதி கேட்பது?

சிந்திப்போம். நம் பிள்ளைகளுக்கு முதல் அடைக்கலம் நம் வீடாக இருக்கட்டும்.