மீந்த காகிதமா, புதுக் காகிதமா?

'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்பர் நம் பெரியோர். கைவேலை வகுப்பு முடிந்ததும் மேசைக்கடியில் சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு இப்பழமொழிதான் நினைவுக்கு வரும். மூலை கத்தரித்த சார்ட் தாள், நூல் முனை, பழைய நோட்டின் அட்டை, கல்யாணப் பத்திரிகையின் பாதி! பரிசுப் பொட்டலத்தில் கட்டும் பெயர்ச்சீட்டுக்கு, 'டேக்' என்கிறோமே அதற்கு, வேறென்ன வேண்டும்?

ஆனால் நடப்பதென்ன? 'வீண் பொருளில் கலைப்பொருள்' என்று எங்கே போட்டி வைத்தாலும், மறுநாள் மாலையே கூட்டம் கடையில் நிற்கிறது. புதுச் சார்ட், ஜிகினாத் தூள், ஒட்டும் முத்து, பளபளக்கும் நாடா! கழிவைக் காட்டப் புதுப் பொருள் வாங்கி, அதையும் கத்தரித்து, முன்னிலும் அதிகக் கழிவு சேர்ப்பது எந்த ஊர்ச் சிக்கனம்? பரிசும் பெரும்பாலும் மினுமினுப்புக்கே போகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஷிப்டு வேலை பார்க்கும் தந்தையரின் பிள்ளைகள் எங்களில் பலர். மாதக் கடைசியில் 'ஜிகினா வாங்கப் பணம்' என்று கேட்க நா எழாதவள், மெய்யாகவே மீந்த துண்டில் செய்து வந்து கடைசி வரிசையில் வைக்கிறாள். போட்டியின் பெயருக்கு நியாயம் செய்தவள் அவளன்றோ!

ஜிகினாவில் பெரும்பகுதி பிளாஸ்டிக் படலத்தின் பொடியே. கை கழுவினால் சாக்கடைக்குப் போகிறது. பொன்னேரிப் பக்கத்து மழைநீர் ஆரணி ஆற்றில் கலந்து பழவேற்காடு ஏரியில் சேர்வதை நாம் அறிவோம். அலங்காரத் தெர்மோகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை வந்துவிட்டது. ஜிகினாவை நாமாகவே விட்டால் என்ன?

மீந்த தாளில் அழகு வராது என்போர் ஒருமுறை செய்து பார்க்கட்டும். துண்டுகளைக் கிழித்து ஓர் இரவு ஊறவைத்து, உரலில் கூழாக இடிக்க வேண்டும். (அம்மாவின் மிக்ஸியைத் தொடாதிருப்பது உத்தமம்!) அகன்ற தொட்டி நீரில் கூழைக் கரைத்து, சல்லடையால் அள்ளி, பழைய துணிமேல் கவிழ்த்து, நிழலில் உலர்த்தினால் சொரசொரப்பான தாள் கிடைக்கும். செய்தித்தாள் மட்டும் போட்டால் சாம்பல் நிறமாகும். நோட்டுத் தாள் கலந்தால் வெளுக்கும். மஞ்சள் தூள் சேர்த்த தாளில் சுண்ணாம்பு நீரால் புள்ளி வைத்தால் சிவந்த கோலமே மலரும், வெயிலில் மட்டும் வைக்கக்கூடாது. மேலே பிளாஸ்டிக் பூச்சுள்ள பத்திரிகை கூழாகாது; அதை அப்படியே கத்தரிக்க வேண்டியதுதான். ஒட்டுவதற்கு மைதாப் பசை. கயிறு கோக்கும் துளையைச் சுற்றி வட்டத் துண்டொன்று ஒட்டினால் கிழியாது.

இது விளையாட்டு வேலையன்று. 1892-இல் தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியடிகள் 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராயிருந்து கைக்காகிதத் தொழிலை வளர்த்தார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959-இல் தொடங்கியது. பருத்தித் துணிக் கழிவே அங்கு மூலப்பொருள். பருத்தியின் இழை நீளமானதால் தாள் உறுதியாகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தொழிற்சாலை அட்டைப்பெட்டி தாராளமாகக் கிடைக்கிறதென்று எல்லாவற்றையும் எடுத்துவரக் கூடாது. இரசாயனம் வந்த பெட்டியும் பையும் கைவேலைக்கு ஆகா.

மதிப்பிற்குரிய சகோதரிகளே, பெற்றோரே, எங்கள் கோரிக்கை இதுதான். வரும் போட்டியில் பசையைத் தவிர எதையும் காசு கொடுத்து வாங்கக் கூடாதென்று விதி செய்யுங்கள். கைவேலை அறையின் மூலையில் மூடியுள்ள பெட்டியொன்று வையுங்கள். எல்லா வகுப்புத் துண்டுகளும் அதில் சேரட்டும். வேண்டியவள் கேட்காமலே எடுத்துக்கொள்ளட்டும். கிறிஸ்துமஸ் பரிசுப் பொட்டலங்களுக்கு வேண்டிய பெயர்ச்சீட்டு அத்தனையும் அந்தப் பெட்டியிலிருந்தே செய்துதர, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஆயத்தமாயிருக்கிறோம்.