கெத்தும் திமிரும்

பெட்ரோல் பங்க், டீக்கடை, சிக்னல் என்று எங்கே நிறுத்தினாலும், நல்ல பைக்கைத் தேடிப் பேச்சு தானாக வரும். "ப்ரோ, எத்தனை சிசி? மைலேஜ் எவ்வளவு குடுக்குது?" பெயர்கூடத் தெரியாத ஒருவர் டேங்க்கைத் தடவிப் பார்ப்பார். "எங்கப்பா ராஜ்தூத் வச்சிருந்தாரு" என்று பழைய கதையைத் தொடங்குவார். புல்லட் ஓட்டும் எனக்கு இந்தப் பாராட்டு பிடிக்கும். மாதத் தவணை கட்டி வாங்கிய வண்டியை நாலு பேர் புகழ்ந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால், இந்தப் பாராட்டுக்கு ஓர் எல்லை இருக்கிறது. நகரத்தில் "வண்டி சூப்பர்" என்பதோடு முடியும் பேச்சு, கிராமத்துக்குள் நுழைந்ததும் "வண்டி யாருது?" என்று மாறும். அடுத்த கேள்வி, "எந்த ஊரு?" அதற்கடுத்தது, "ஊர்ல எந்தப் பக்கம்?" பதிலில் காலனி என்ற சொல் வந்துவிட்டால் போதும், மைலேஜ் விசாரித்தவரின் குரல் மாறிவிடும். "உனக்கெதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?" என்பார். வண்டி அதேதான், சத்தமும் அதேதான். ஓட்டுபவரின் சாதி தெரிந்ததும், இதுவரை கெத்தாக இருந்தது திமிர் ஆகிவிடுகிறது.

இது வெறும் மனக்குறை அல்ல. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. ஆதிக்கச் சாதியினரின் கண்முன்னே புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்பது பாதிக்கப்பட்ட தரப்பின் புகார். வண்டியின் கைப்பிடியைப் பிடித்த கைகள் அவை. பேனா பிடித்த கைகளும் அவையே.

சட்டப் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், செருப்போ புத்தாடையோ அணிவதையும், திருமண ஊர்வலத்தில் குதிரை ஏறுவதையும் தடுப்பது குற்றம் என்று அது சொல்கிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. குடியரசாகி 65 ஆண்டுகளுக்குப் பிறகும், ஒருவர் பைக் ஓட்டுவதற்கு நாடாளுமன்றம் பாதுகாப்புச் சட்டம் எழுத வேண்டியிருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வண்டி மீது ஏன் இவ்வளவு ஆத்திரம்? யார் எங்கே வாழ்வது என்பதை மட்டுமல்ல, யார் எப்படி நடமாடுவது என்பதையும் சாதியே தீர்மானித்து வந்திருக்கிறது. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள், சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள் நம் தாத்தாக்கள். 1929இல் சாலிஸ்கானில் பாரிஸ்டர் அம்பேத்கருக்கு வண்டியோட்ட ஒரு குதிரைவண்டிக்காரரும் முன்வரவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குப் பிடித்து, ஓட்டிப் பழக்கமில்லாத தலித் ஒருவரே ஓட்டினார். வண்டி கவிழ்ந்து அம்பேத்கரின் கால் முறிந்தது. சட்டம் படித்து வந்தவருக்கும் ஒரு வண்டிச் சவாரி கிடைக்கவில்லை.

மோட்டார் சைக்கிளோ யாருடைய தயவையும் கேட்பதில்லை. கிக்கரை மிதித்தால் கிளம்பிவிடும். பண்ணையார் வீட்டுத் திண்ணையைக் குனியாமல் கடந்து போகும். அந்தச் சத்தத்தைத்தான் சிலரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

நகரம் மட்டும் யோக்கியமா? வடசென்னைப் பையன்கள் கலர் முடியோடு டியூக்கில் போனால், "புள்ளிங்கோ" என்று மீம் போட்டுச் சிரிக்கிறோம். அதே வண்டியில் வசதியான வீட்டுப் பையன் லடாக் போனால் அவர் "ரைடர்", அவருக்கு லைக்குகள் குவியும். சாதித் தலைவர்களின் விழா நாட்களில் கொடி கட்டி, சாதிப் பெயரை முழங்கிக்கொண்டு சாலையை அடைத்துப் போகும் பைக் ஊர்வலங்களுக்குப் பெயர் வீரம். அதே சாலையில் தனியாகப் போகும் நம் தம்பிக்குப் பெயர் திமிர்.

புல்லட் வாங்கினால் சாதி ஒழிந்துவிடுமா என்று சில தோழர்கள் கேட்கலாம். ஒழியாது. நிலம், கல்வி, அதிகாரம் எல்லாமே வேண்டும். ஆனால், ஆசைப்பட்டதை வாங்கி, நினைத்த தெருவில், நினைத்த நேரத்தில் ஓட்டிப் போவதும் சுயமரியாதைதான். ஒடுக்கப்பட்டவர்கள் எளிமையாக வாழ்ந்தால்தான் அனுதாபம் தருவேன் என்பதும் சாதியின் குரலே.

எனவே, இரண்டு வேலைகள் இருக்கின்றன. வண்டிக்காக ஒருவர் தாக்கப்பட்டால், அதை "இளைஞர்களுக்குள் தகராறு" என்று முடித்துவிடாமல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவையும் சேர்த்து வழக்குப் பதியச் செய்வோம். காவல் நிலைய வாசலில் பாதிக்கப்பட்டவரோடு நாமும் நிற்போம்.

இன்னொன்று, நம் ஒவ்வொருவரின் நாக்கிலும் இருக்கிறது. அடுத்த முறை ஒரு நல்ல வண்டியைப் பார்த்தால் தாராளமாகப் பாராட்டுங்கள். சிசி கேளுங்கள், மைலேஜ் கேளுங்கள், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கவும் கேளுங்கள். எந்தத் தெரு என்று மட்டும் கேட்காதீர்கள்.