எங்களைப் போல ஒன்றைச் செய்யாதே

சேவை விதிமுறைகளை யாரும் படிப்பதில்லை. கடகடவென்று கீழே உருட்டி ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டிவிட்டுப் போகிறோம். அப்படி எழுதிக் கொடுப்பவற்றில் எனக்கு அதிக எரிச்சல் தருவது தனியுரிமைச் சமாச்சாரம்கூட அல்ல. “இதை வைத்து இதற்குப் போட்டியாக எதையும் செய்யமாட்டேன்” என்ற வாக்குறுதிதான். கேட்டால், “அவன் கடை, அவன் விதி, பிடிக்கலைன்னா வெளிய போ” என்பார்கள். சரி, அந்தக் கடையைக் கட்டியது யார்?

ட்விட்டரையே எடுத்துக்கொள்வோம். 2007இல் ஐகான்ஃபேக்டரி என்ற சிறு நிறுவனம் மேக் கணினிக்காக ட்விட்டரிஃபிக் செயலியை வெளியிட்டது. ட்விட்டருக்கே சொந்தச் செயலி இல்லாத காலம். பறவையைச் சின்னமாக முதலில் வைத்தது அந்தச் செயலிதான். ‘ட்வீட்’ என்ற சொல் பரவியதிலும் அதற்குப் பெரிய பங்குண்டு. ஹேஷ்டேக், கிறிஸ் மெசினா என்ற பயனர் அதே ஆண்டு சொன்ன யோசனை. ரீட்வீட், பயனர்கள் கையாலேயே ‘ஆர்டி’ என்று தட்டிக்கொண்டிருந்த பழக்கம். திரையைக் கீழே இழுத்தால் புதுப்பித்துக்கொள்ளும் வித்தை லோரன் பிரிக்டரின் ட்வீட்டி செயலியில் வந்தது. 2010இல் ட்விட்டர் அந்தச் செயலியையே விலைக்கு வாங்கித் தன் பெயரை ஒட்டிக்கொண்டது.

2023 ஜனவரி 12. ட்விட்டரிஃபிக், ட்வீட்பாட் போன்றவை சட்டென்று நின்றுபோயின. ஐந்து நாள் கழித்து, நெடுநாளாக இருக்கும் விதிகளைத்தான் அமல்படுத்துகிறோம் என்றார்கள். எந்த விதி? மூச்சு விடவில்லை. 2012லிருந்து இத்தனை பயனர்தான் என்று ஒரு உச்சவரம்பு இருந்தது, உண்மை. ஆனால் வெளியார் செயலியே கூடாது என்ற வரி, அதாவது ட்விட்டர் செயலிகளுக்கு மாற்றாகவோ அவற்றைப் போலவோ எதையும் உருவாக்கக் கூடாது என்பது, டெவலப்பர் ஒப்பந்தத்தில் முளைத்தது 19ஆம் தேதி. முதலில் தூக்கு, ஒரு வாரம் கழித்துச் சட்டம்! அந்தச் சிறு நிறுவனங்களோ, ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்குப் பணம் திருப்ப வேண்டிய நிலையில், “எனக்குத் திருப்பித் தர வேண்டாம்” என்று ஒரு பொத்தானை வைத்து வாடிக்கையாளர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. வெளியார் செயலிகளில் ட்விட்டரின் விளம்பரம் தெரியாது. சர்வர் செலவோ அவர்களுடையது. அப்படியானால் விலை போடுங்கள். கட்டுப்படியானவர் கட்டட்டும், ஆகாதவர் போகட்டும். விலை என்பது பேரம். நீ இந்தத் தொழிலையே செய்யாதே என்பது வேறு. அதில் பேரம் பேச எதுவும் இல்லை.

“தடுத்தால் என்ன, திறமைசாலி வேறு வழி காண்பான்” என்பவர்கள் உடனே கிட் கதையை எடுப்பார்கள். லினக்ஸ் கெர்னல் குழு 2002 முதல் பிட்கீப்பரை இலவசமாகப் பயன்படுத்தியது. போட்டியான கருவியை உருவாக்குபவருக்கு அந்த இலவச உரிமம் கிடையாது என்பது நிபந்தனை. 2005இல் உரசல் முற்றி இலவசம் நின்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் சில வாரங்களில் கிட்டை எழுதினார். நல்ல கதைதான். ஆனால் அவர் லினஸ், ஐயா! பின்னால் ஒரு கெர்னல் குழுவே நின்றது. ஐகான்ஃபேக்டரி அந்த ஜனவரியில் உட்கார்ந்து இன்னொரு ட்விட்டரை எழுதியிருக்க முடியுமா?

இப்போது அதே வரி செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களிடம் வந்திருக்கிறது. தங்கள் மாதிரியின் விடைகளைக் கொண்டு தங்களுக்குப் போட்டியான மாதிரியை உருவாக்கக் கூடாது என்கிறது ஓப்பன்ஏஐ. இணையத்தில் ஊரார் எழுதியதை அள்ளிப் படித்து வளர்ந்த பிள்ளை, தன் நோட்டை மட்டும் யாரும் பார்த்து எழுதக் கூடாது என்கிறது. கோவையில் ஒரு மாணவி அந்த விடைகளை வைத்துத் தமிழுக்கென்று சின்னதாக ஒரு மாதிரியைப் பழக்கினால் அது போட்டியா? எது போட்டி என்று அந்த வரி விளக்குவதில்லை. அதை முடிவு செய்து கணக்கை மூடுகிற அதிகாரமும் அவர்களிடம்தான் இருக்கிறது.