நம்ம தபாலை யார் நிறுத்துவது?

சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கிறோம் என்றால் தோழர்கள் சிரிக்கிறார்கள். 'ஜிமெயில் சும்மாவே கிடைக்குதே, எதுக்குய்யா இந்தப் பாடு?' சும்மா கிடைப்பதில் மனு, உறுப்பினர் பட்டியல், வழக்கு விவரம் எல்லாம் அடுத்தவன் பெட்டியில் கிடக்கும். அதுக்குத்தான் இந்தப் பாடு.

1982இல் ஜான் போஸ்டல் எழுதிய விதிப்படி எந்தச் சர்வரும் எந்தச் சர்வருக்கும் நேராகக் கடிதம் கொடுக்கலாம். இன்றைக்கு அப்படியா? கிளிஞ்சல்மேட்டுப் படகு பிடிபட்டதென்று மனு அனுப்புகிறோம். 'போய்ச் சேர்ந்தது' என்கிறது நம்ம சர்வர். அங்கே அது குப்பைப் பெட்டியில். திரும்பியும் வராது, சேதியும் சொல்லாது. பக்கத்து ஐ.பி. எண்ணில் எவனோ ஸ்பேம் அனுப்பியிருப்பான். வரிசை முழுக்கத் தடைப் பட்டியலில் ஏறியிருக்கும். தெருப் பேரைக் கேட்டு ஆளை எடைபோடுகிற புத்தி நமக்குப் புதுசா என்ன?

அதற்காக எல்லாமே சூழ்ச்சி என்று கத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வங்கிப் பேரில் வந்த பொய்க் கடிதத்தால் பணம் இழந்தவர்களைக் கவுண்டரில் பார்க்கிறவன் நான். கையெழுத்துப் பார்க்காமல் செக்குக்குப் பணம் தர முடியுமா? எஸ்.பி.எஃப். என்பது நம் பேரில் கடிதம் கொண்டுபோக எந்தச் சர்வருக்கு உரிமை என்ற அறிவிப்பு. டி.கே.ஐ.எம்., கையெழுத்து. இரண்டில் ஒன்றுகூட அனுப்புநர் பேரோடு பொருந்தாவிட்டால் என்ன செய்யணும் என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5000 கடிதம் அனுப்புகிறவர்கள் மூன்றும் வைத்திருக்கணும். மற்றவர்கள் முதல் இரண்டில் ஒன்றாவது. ஐ.பி. எண்ணைக் கேட்டால் சர்வர் பேர் வரணும், பேரைக் கேட்டால் அதே எண் வரணும்.

லாக் படியுங்கள். பதில் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. சர்வர் மறுபடி முயலும். 5இல் தொடங்கினால் மறுப்பு. பெரும்பாலும் காரணமும் பக்கத்திலேயே இருக்கும். மாணவர்களுக்கு இது பெரிய வித்தையில்லை.

என் சண்டை இதற்கு அப்புறம்தான். எல்லாம் சரியாக வைத்த பிறகும் ஏன் குப்பையில் போட்டாய் என்றால் பதில் சொல்ல ஆளில்லை. தபால்காரர்கூட, கடிதத்தைத் திருப்பினால் உறைமேல் காரணம் எழுதுகிறார். கோடிக்கணக்கான பேரின் தபாலைக் கையில் வைத்திருக்கிற கம்பெனிக்கு அந்தக் கடமை கிடையாதா? காரணம் சொல்லணும், முறையிட இடம் தரணும். இதைச் சட்டமாகக் கேட்போம்.

அதுவரை சர்வரை மூடாதீர்கள். அவசர மனு என்றால் போன் போட்டுக் கேளுங்கள். தாளில் ஒரு நகலும் ஸ்பீடு போஸ்டில் போகட்டும்.