பொன்னாடை போதுமா?

பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை நீங்கலாக, ஏனைய நான்கும் கலைஞரின் பிழைப்பைப் பற்றியவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனுக்கு வள்ளல் இருக்கும் இடத்தையும், வழியின் இடர்களையும், இடையில் கிடைக்கும் உணவையும் உறைவிடத்தையும் எடுத்துரைக்கின்றான். பாடியவனைப் பாராட்டிய அளவில் நின்றுவிடாமல், பாடுபவன் எங்ஙனம் வாழ்வான் என்றும் வினவிய இலக்கியம் அது.

இம்மரபைப் பெருமையோடு பேசும் விழா மேடைகளில், மலைவாழ் கலைஞர் இன்று பெறுவது யாது? தொடக்க நிகழ்ச்சியாகப் பத்து நிமிடம், ஒரு பொன்னாடை, ஒரு புகைப்படம். அழைப்பிதழில் கருநாடக இசைவாணரின் பெயர் பட்டத்தோடு பொறிக்கப்படும். இவர்களுக்கோ ‘பழங்குடியினர் ஆடல் பாடல்’ என்னும் ஒற்றை வரி. இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே நம் வாதம்.

அட்டப்பாடியை எண்ணிப் பார்ப்போம். கோவைக்கு அண்மையில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள மலைநிலம் அது. நீலகிரியில் தோன்றும் பவானி அதனூடே வளைந்தோடி, மீண்டும் தமிழகம் புகுந்து காவிரியில் கலக்கின்றது. இருளர், முடுகர், குறும்பர் என்னும் மக்கள் அங்கு வாழ்கின்றனர். இருளமொழி தமிழுக்கு மிக நெருங்கிய உறவுமொழி. அங்கே ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த நஞ்சியம்மா, 2020-இல் வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ என்னும் மலையாளத் திரைப்படத்தில் தம் மொழிப் பாட்டைப் பாடினார். 2022-இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. சந்தால் பழங்குடியில் பிறந்த குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் கையால், தில்லியில் அதனைப் பெற்றார்.

அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே, சுருதி சேர்த்துப் பாடும் பயிற்சி இல்லாதவருக்கு இவ்விருது தகுமா என்று இசைத்துறையிலிருந்தே ஒரு குரல் எழுந்தது. பாடகர் பலர் நஞ்சியம்மாவின் பக்கம் நின்றனர். ஆயினும், அக்கேள்வி பலர் உள்ளத்தில் உறங்கிக் கிடப்பதே. அதனைத் தமிழர் உடனே அடையாளம் காண வேண்டும். கச்சேரி முடியும் வேளையில் துக்கடாவாக மட்டும் தமிழ்ப்பாட்டு ஒலித்த காலம் ஒன்று இருந்தது. அதனை எதிர்த்து 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. எந்த மொழி மேடைக்குத் தகும் என்று பிறர் தீர்ப்பளிக்க இடந்தரோம் என்பதே அவ்வியக்கத்தின் உயிர்நாடி. அதன் புகழ் பாடும் நாவு, இருளமொழிப் பாட்டைத் துக்கடா என்று தள்ளலாமோ?

இன்னொன்றும் கருதத்தக்கது. தமிழிசை வாழ்த்துரைகளால் மட்டும் வென்றதன்று. பொருள் திரட்டப்பட்டது, பரிசுகள் வழங்கப்பட்டன, பாடல்கள் சுரக்குறிப்போடு நூல்களாயின, ஆண்டுதோறும் விழா எடுக்கப்பட்டது. விருது ஒருநாள் வரும். அடுப்போ நாள்தோறும் எரிய வேண்டும். தேசிய விருது பெற்ற பின்னரும் நஞ்சியம்மா தம் குடும்ப நிலத்துக்காகப் போராட நேர்ந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. சத்தீசுகரின் தீஜன் பாய் பார்தி பழங்குடியில் பிறந்தவர். ஆடவர்க்கே உரியது எனப்பட்ட முறையில் நின்று பாண்டவானி பாடி, 2019-இல் பத்ம விபூஷண் பெற்றவர். அவருக்குப் பிலாய் எஃகு ஆலையில் வேலையும் இருந்தது. மாத ஊதியம் ஒரு கலைக்கு எத்துணைப் பெரிய அரண் என்பதை, ஊதியத்தை நம்பி ஊர்விட்டு வந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் முழுத்துணை ஆகவில்லை. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் பாடகர்க்கும் ராயல்டி உரிமையை வலுப்படுத்தியது. ஆயின், தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரே காத்துவந்த பாட்டுக்கு ஆசிரியர் பெயர் ஏது? பெயரில்லாப் பொருளை எடுத்துக்கொள்பவர் பலர்; பங்கு கொடுப்பவர் சிலர். ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் சொல்லும் ஒருவர் அருகில் இல்லையெனில், உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

ஆகாததொன்றை நாம் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில், பழங்குடியினர் தமக்கென ஓர் ஊடகச் சங்கத்தை 1980-இல் நிறுவினர், வானொலி நடத்தினர், தம் பாடல்களைப் பதிவுசெய்து வெளியிட்டனர். அந்நாட்டின் வடகோடியில் எல்கோ தீவில் பிறந்தவர், பார்வையற்ற பாடகர் குருமுல் யுனுபிங்கு. பெரும்பாலும் தம் யோல்ங்கு மொழிகளிலேயே பாடி, 2008-இல் வெளியான இசைத்தட்டால் உலகப் புகழ் எய்தினார். டார்வின் நகரின் ஒரு சிறு இசை நிறுவனம் அவருக்குத் தோள் கொடுத்தது. 2017-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு வெளியான அவர்தம் இசைத்தொகுப்பு அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. தாய்மொழியைக் கைவிடாமலே உலக மேடை ஏறலாம். ஆனால் உடன் நிற்போர் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

பணம் புகுந்தால் பழங்குடி இசையின் தூய்மை கெடும் என்பாரும் உளர். சபைகளில் ஊதியம் பெறும் வித்துவான்களின் இராகம் அதனால் கெட்டுவிட்டது என்று இவர்கள் என்றேனும் கூறியதுண்டா? பிறர் வறுமைக்குத் தூய்மை என்று பெயர் சூட்டுவது அறமாகாது. ‘அயல் மாநிலத்தில் நம் பிள்ளைகட்குத் தமிழ் கற்பிக்கவே அரும்பாடு படுகின்றோம், இப்பணி நமக்கு எதற்கு?’ என்பாரும் உளர். அடுத்த வீட்டார்க்குப் புரியாத மொழியில் தாலாட்டுப் பாடும் தாயின் நிலை நம்மைவிட யார் அறிவார்? மேலும், ரூர்கேலா, ஜாம்ஷெட்பூர் முதலிய எஃகு நகரங்களில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அவை பழங்குடியினர் வாழ்ந்த மண்ணில் எழுந்தவை. அம்மண்ணின் பாட்டு நமக்கு அயலதன்று.

ஆகவே, தமிழ்ச் சங்கங்களின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை. கலைஞர் ஒவ்வொருவர் பெயரும் ஊரும் அழைப்பிதழில் இடம்பெறுக. மற்றைக் கலைஞர்க்கு நிகரான ஊதியமும், குழுவினர் அனைவர்க்கும் பயணச் செலவும் முன்னரே உறுதி செய்யப்படுக. எழுத்து வழி இசைவு பெறாமல் எவரும் பாட்டைப் பதிவு செய்யாதிருக்க. ஒப்பந்தங்களைப் படித்து உதவ, சங்கத்துள் உள்ள வழக்கறிஞரும் கணக்கரும் முன்வருக. ஒரு நாள் விருந்தினராக அழைப்பதோடு நில்லாமல், ஒரு நகரச் சங்கம் அடுத்த நகரச் சங்கத்துக்கு அவர்களை அறிமுகம் செய்து அனுப்புக.

இறுதியிற் கூறியது புதிதன்று. அதற்குத்தான் நம் முன்னோர் ஆற்றுப்படை என்று பெயரிட்டனர். ஏட்டில் உள்ள ஆற்றுப்படைக்கு உரை சொல்வோர் நம்மிடையே பலர். நாட்டில் நடக்கும் பாணனுக்கு வழி சொல்வோர் எத்தனை பேர்? அவ்விடையைக் கொண்டே நம் சங்கங்கள் அப்பெயருக்குத் தகுமா என்பது அளக்கப்படும்.