காடு எரிகிறது; கோட்டை வானம் பார்க்கிறது!



வேனில் வந்தால் வெப்பம் தாளாமல் மலைக்கு ஓடுவர் செல்வச் சீமான்கள். மலையிலேயே பிறந்து, மலையிலேயே உழைத்து, மலையிலேயே மடிகின்ற ஏழை எங்கே ஓடுவான்? இமயத்தின் மடியிலே இருக்கும் உத்தரகாண்டில் அல்மோராவும் நைனிதாலும் பௌரியும் ஏப்ரல், மே மாதங்களில் அடிக்கடி புகைக் காடாகின்றன. பனிமுகடு தெரியவேண்டிய திசையில் சாம்பல் திரை! 2016-இலும் 2024-இலும் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் ஏரி நீரை மொண்டுசென்று ஊற்றுமளவுக்கு நெருப்பு மூண்டது.

ஏன் இந்தத் தீ? ஆட்சியாளரைக் கேட்டுப் பாருங்கள். "கிராமத்தான் புல்லுக்காகக் கொளுத்துகிறான், எவனோ பீடித் துண்டை எறிகிறான்" என்பார்கள். பெரும்பாலான தீ மனிதன் கையால் மூள்வது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொறி விழுந்தால் ஒரு மலையே எரிகிறதே, அந்த நிலையை உண்டாக்கியது யார்? பீடியைப் பிடித்தவனைத் தேடுகிறீர்களே, மலையைக் கற்பூரமாக்கியவனை ஏன் தேடவில்லை?

அங்கே சீர் என்றொரு ஊசியிலை மரம் உண்டு. சுமார் நான்கு லட்சம் ஹெக்டேரில் பரந்து நிற்கிறது. கோடையில் அது உதிர்க்கும் ஊசிச் சருகுக்குப் பிரூல் என்று பெயர். தரையெல்லாம் மெத்தையாகப் படியும். பிசின் ஏறிய சருகாதலால் பொறி பட்டவுடன் பற்றும். பாஞ்ச் என்னும் மலைக் கருவாலி மரமோ வேறு வகை. அதன் தழை மாட்டுக்குத் தீவனம். அதன் சருகு வயலுக்கு எரு. அதன் வேரடி மண் நீரைத் தேக்கி ஊற்றுக்கு அளிக்கும். குடியானவனுக்கு வேண்டியது பாஞ்ச். வெள்ளைக்காரனுக்கு வேண்டியதோ சீர்! இரயில் பாதைக்குக் கட்டை, டர்பன்டைனுக்குப் பிசின். எவன் கணக்கு வென்றது? ஆண்டவன் கணக்குத்தான்!

1911 முதல் 1917 வரை குமாவூன் மலைக்காடுகளை ஏகாதிபத்திய சர்க்கார் ஒதுக்குக் காடுகளாக வளைத்துக்கொண்டது. நேற்றுவரை தன் முற்றமாக இருந்த காட்டில் விறகு பொறுக்கிய தாய் திருடியானாள். ஆடு மேய்த்த சிறுவன் குற்றவாளியானான். மக்கள் பொறுத்தார்களா? 1921 ஜனவரியில் பாகேஷ்வரில் திரண்டார்கள். கூலியின்றிச் சுமை தூக்க வைத்த கட்டாய வேலைப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினார்கள். அந்தக் கோடையில் சர்க்காரின் சீர்க் காடுகள் எரிந்தன. சர்க்கார் அஞ்சியது, குறைகேட்கக் குழு அமைத்தது, 1931-இல் ஊராரே காடு காக்கும் வன பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. கெஞ்சிப் பெற்றதல்ல, தோழர்களே, போராடிப் பெற்ற உரிமை!

வெள்ளையன் போனான், அவன் 1927-இல் எழுதிவைத்த காட்டுச் சட்டம் போகவில்லை. மலையில் இன்றும் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் உண்டு. ஆனால் கடிவாளமோ காட்டிலாகா அதிகாரியின் கையில். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அந்த மலையில் அதன்படி வழங்கப்பட்ட பட்டாக்கள் மிகமிகச் சொற்பம். தனக்கு உரிமையில்லாத காட்டை உயிரைக் கொடுத்துக் காப்பாற்று என்றால் எவன் வருவான்? வீட்டுக்காரனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வீடு எரியும்போது "நீ ஏன் தண்ணீர் ஊற்றவில்லை?" என்று கேட்பது நீதியா?

2024-ஆம் ஆண்டைப் பாருங்கள். காடு எரிந்த வேளையில் காட்டிலாகா ஊழியரைத் தேர்தல் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அதை உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 0.1 விழுக்காடு பரப்பில்தான் தீ என்று சமாதானம் சொன்னது மாநில ஆட்சி. செயற்கை மழையையோ வருண பகவானையோ நம்பியிருப்பது பரிகாரமாகாது என்றது நீதிமன்றம். ஜூன் 13-இல் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்றவர்களில் நால்வர் மாண்டனர். மேலும் நால்வர் தீக்காயங்களோடு டில்லி மருத்துவமனைக்கு எடுத்துச்செல்லப்பட்டனர். மாண்டவர் யார்? மந்திரிகளா? இயக்குநர்களா? இல்லை! தீக்காவலனும் தினக்கூலியும் அடிநிலை ஊழியனும்! சுள்ளிக் கிளையால் நெருப்பை அடித்து அணைக்கச் சென்ற ஏழைகள்! அந்த 0.1 விழுக்காட்டில் இவர்கள் உயிர் எத்தனை விழுக்காடு?

"மழை வந்தால் அணைந்துவிடும்" என்கிறார்கள். வரும், மே மாதத்து இடிமழை வரும், ஜூன் கடைசியில் பருவமழையும் வரும். தீயும் அணையும். பிறகு? சருகும் புல்லும் கருகி மொட்டையான சரிவில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காது. சாம்பலையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். கோடையில் ஊற்று வற்றும். மாரியில் வயல் சரியும். கோடையில் புகையைக் குடித்தவன்தான் மாரியில் சேற்றில் புதைகிறான். இயற்கையின் சீற்றமாம்! வெப்பம் ஏறுவதும் மழை பொய்ப்பதும் உண்மை. ஆனால் சீற்றம் இயற்கையினுடையதென்றால், அதற்குத் திறந்துவிட்ட வாசல் யாருடையது? 2023-இல் காட்டுப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் நாட்டுப் பாதுகாப்பின் பெயரால் போடும் பாதைகளுக்கு விலக்குக் கொடுத்தது டில்லி. இமயத்தில் நூறு கிலோமீட்டர் என்றால் மலையில் மிஞ்சுவது என்ன?

வழியில்லையா? உண்டு. அல்மோராவின் சீத்லாகேத் வட்டாரத்திலே பெண்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். காடு காய்வதற்கு முன்பே, மார்ச் மாத இறுதிக்குள், வயற்குப்பையை எரித்து முடிக்கின்றனர்; பாஞ்ச் காட்டைப் பேணுகின்றனர்; புகை கண்டால் ஊரே திரள்கிறது. பிரூலைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்குவோம் என்று 2024-இல் ஆட்சி அறிவித்தது. நல்லதே! ஆனால் சருகுக்கு விலை சொன்ன ஆட்சி, காட்டுக்கு உரிமை சொல்லட்டும்! தீக்காவலனுக்கு நிரந்தர வேலை, காக்கும் கருவி, ஆயுள் காப்புறுதி தரட்டும்! வன பஞ்சாயத்தின் கடிவாளத்தை ஊராரிடம் ஒப்படைக்கட்டும்!

எங்கோ இமயத்தில் எரிந்தால் நமக்கென்ன என்று இருந்துவிடாதீர். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் தீ 23 உயிரைக் குடித்ததே, மறந்தோமா? நம் காடுகளை ஆள்வதும் 1882-இல் வெள்ளையன் எழுதிய சட்டமே! மலை வேறு, விலங்கு ஒன்று. ஆகவே மலையடிவாரத் தோழர்கள் கோடை பிறக்கும் முன்பே ஊர்க் கூட்டம் கூட்டுங்கள். கிராம சபையில் வன உரிமையைக் கேளுங்கள். தீக்காவலருக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். மழை வானத்திலிருந்து வரும். உரிமை வானத்திலிருந்து வராது!